குண்டு வெடித்த முதல் ஒரு மணி நேரம்: காவல்துறையும் மீட்புப் படையினரும் செய்வது என்ன? பெங்களூரு சம்பவங்கள் தரும் விளக்கம்

பெங்களூரு: 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பெங்களூரு புரூக்ஃபீல்டு பகுதியில் உள்ள ராமேஸ்வரம் கஃபே உணவகத்தில் பிற்பகல் 1 மணியளவில் பலத்த சத்தத்துடன் வெடிப்பு ஏற்பட்டது. மதிய உணவு நேரம் என்பதால் உணவகத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது. தீயணைப்புத் துறைக்குச் சென்ற முதல் தகவல், 'உணவகத்தில் சிலிண்டர் வெடித்துவிட்டது' என்பதாகவே இருந்தது. அன்று மாலைக்குள் அது சிலிண்டர் அல்ல, நேரக் கருவி பொருத்தி ஒரு பையில் வைக்கப்பட்டிருந்த வெடிகுண்டு என்பது தெளிவானது.

சிலிண்டர் விபத்து என்றால் தீயணைப்பு வீரர்கள் நேராக உள்ளே சென்று தீயை அணைத்து, எரிவாயு இணைப்பைத் துண்டித்து, காயமடைந்தவர்களை வெளியே கொண்டுவருவார்கள். வெடிகுண்டு என்றால் மேலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அருகில் இன்னொரு குண்டு இருக்கிறதா? தரையில் சிதறிக் கிடப்பவற்றில் எது குற்றவாளியை அடையாளம் காட்டப்போகிறது? உயிர்களைக் காப்பது, இரண்டாவது குண்டைத் தேடுவது, தடயத்தைப் பாதுகாப்பது ஆகிய மூன்று கடமைகளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. ஒன்றுக்கு ஒன்று இடையூறாகவும் அமைகின்றன. பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிந்தைய முதல் ஒரு மணி நேரத்தின் சிக்கல் இதுவே.

அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ள ஜோகுபாளையம் போன்ற பகுதிகளில் வசிப்பவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் அல்சூர் வட்டாரத்தைச் சேர்ந்தது இப்பகுதி. 2010இல் குண்டு வெடித்த சின்னசாமி கிரிக்கெட் மைதானமும், 2014இல் குண்டு வெடித்த சர்ச் தெருவும் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. ராமேஸ்வரம் கஃபேயின் முதல் கிளை 2021இல் திறக்கப்பட்டதும் பக்கத்துப் பகுதியான இந்திராநகரில்தான். அத்தகைய தருணத்தில் அரசு அமைப்புகள் எந்த வரிசையில் செயல்படுகின்றன, அந்த வரிசை ஏன் அப்படி அமைந்தது, அதில் பொதுமக்களின் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிலிண்டரா, வெடிகுண்டா?

வெடிகுண்டு சம்பவங்கள் முதலில் சிலிண்டர் விபத்தாகக் கருதப்படுவது புதிதல்ல. 2013 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பாஜக அலுவலகம் அருகே மோட்டார் சைக்கிளில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து, காவலர்கள் உட்பட 16 பேர் காயமடைந்தனர். அப்போதும் வாகனம் ஒன்றின் எரிவாயு சிலிண்டர் வெடித்ததாகவே தொடக்கத்தில் பேசப்பட்டது. 2022 அக்டோபர் 23 அதிகாலையில் கோவை உக்கடத்தில் கோயில் அருகே கார் ஒன்று வெடித்துச் சிதறி, அதை ஓட்டிவந்தவர் உயிரிழந்தார். காரில் சிலிண்டர் இருந்தது உண்மை. ஆனால், சம்பவ இடத்தில் கிடந்த ஆணிகளும் கோலிக்குண்டுகளும், பின்னர் அவரது வீட்டில் கைப்பற்றப்பட்ட வேதிப்பொருட்களும் விசாரணையின் திசையை மாற்றின. அடுத்த மாதமே, நவம்பர் 19 அன்று, மங்களூருவில் ஓடும் ஆட்டோவில் பிரஷர் குக்கர் ஒன்று வெடித்தது. அது விபத்து அல்ல, பயங்கரவாதச் செயல் என்று கர்நாடகக் காவல்துறைத் தலைவர் மறுநாள் அறிவித்தார்.

சம்பவ இடத்தை முதலில் பார்வையிடும் அதிகாரி கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் சில உண்டு. எரிவாயு விபத்தில் பொதுவாகத் தீயின் பரவல் பெரிதாக இருக்கும். வெடித்த சிலிண்டரின் உடைந்த உலோகப் பாகம் அங்கேயே கிடைக்கும். எரிவாயுக் கசிவைக் கண்டறிவதற்காகவே சேர்க்கப்படும் வாசனைப் பொருளின் நெடி வீசும். வெடிகுண்டு வெடித்த இடத்தில் தீயைவிட அதிர்வின் சேதமே அதிகமாக இருக்கும். ஆணி, போல்ட், நட்டு, மின்கலம், கம்பி போன்ற பொருட்கள், அந்த இடத்துக்குச் சம்பந்தமில்லாமல் சிதறிக் கிடக்கும். உணவகத்தின் சிலிண்டர்கள் அனைத்தும் பத்திரமாக இருக்கின்றனவா என்ற எளிய சோதனையே பல நேரங்களில் முதல் விடையைத் தந்துவிடும்.

விடை தெரியும்வரை, வெடிகுண்டாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையுடனேயே செயல்பட வேண்டும் என்பது பாதுகாப்புப் படையினரின் பொது நடைமுறை. சிலிண்டரை வெடிகுண்டு என்று கருதினால் இழப்பு சிறிது நேரம் மட்டுமே. வெடிகுண்டைச் சிலிண்டர் என்று கருதினால் இழப்பு மீட்புப் பணியாளர்களின் உயிராகவும் இருக்கலாம்.

முதலில் வருபவர்கள் யார்?

திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் கறுப்புச் சீருடை அணிந்த அதிரடிப் படையினர் முதலில் வருவதில்லை. முதலில் உதவுபவர்கள் சம்பவ இடத்தில் இருக்கும் ஊழியர்கள், வாடிக்கையாளர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோரே. அடுத்து, 112 என்ற அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்பின் பேரில், அருகில் ரோந்து செல்லும் காவல் வாகனம் வருகிறது. பெங்களூருவில் இந்த வாகனங்கள் 'ஹொய்சளா' என்று அழைக்கப்படுகின்றன. தீயணைப்பு வாகனமும் 108 ஆம்புலன்சும் தொடர்ந்து வருகின்றன. அதன் பிறகே வெடிகுண்டு கண்டறிதல் மற்றும் செயலிழப்புப் பிரிவினர், மோப்ப நாய்கள், தடய அறிவியல் நிபுணர்கள் ஆகியோர் வந்து சேருகின்றனர்.

முதலில் வரும் ரோந்துக் காவலர்கள் இருவர் அல்லது மூவராகவே இருப்பார்கள். அவர்களிடம் வெடிகுண்டு நிபுணரின் பயிற்சியோ கருவியோ இருப்பதில்லை. ஆனால், அடுத்து வரும் அனைவரின் வேலையும் அவர்களது முதல் சில முடிவுகளைச் சார்ந்தே அமைகிறது. நடந்தது என்ன என்பதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வது, கூட்டத்தை வெளியே நகர்த்துவது, ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் வெளியே செல்லவும் ஒரு பாதையைத் திறந்து வைப்பது, எல்லைக் கயிறு கட்டுவது ஆகிய நான்கும் அவர்களது பொறுப்பு. குறுகலான குறுக்குத் தெருக்களைக் கொண்ட பழைய பகுதிகளில் இவற்றில் மூன்றாவதுதான் மிகவும் கடினம். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் இரு சக்கர வாகனங்கள் தெருமுனையை அடைத்துவிட்டால், ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் பயனில்லை.

இரண்டாவது குண்டு என்ற அச்சம்

2008 ஜூலை 25 அன்று பிற்பகலில் மடிவாளா, ஆடுகோடி, நாயண்டஹள்ளி, ரிச்மண்ட் டவுன் உள்ளிட்ட பெங்களூருவின் பல இடங்களில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. மடிவாளா பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள் கோரமங்களாவில் வணிக வளாகம் ஒன்றின் அருகே வெடிக்காத குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டு, செயலிழக்கச் செய்யப்பட்டது. முதல் நாளே தேடல் முடிந்துவிட்டதாகக் கருதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

அதே மறுநாள், ஜூலை 26 மாலையில், குஜராத்தின் அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. அங்கு நடந்தது இன்னும் கொடூரமானது. முதல் குண்டுகளில் காயமடைந்தவர்கள் கொண்டுவரப்பட்ட சிவில் மருத்துவமனை வளாகத்திலேயே அடுத்த குண்டு வெடித்தது. காயமடைந்தவர்களும் அவர்களைத் தூக்கி வந்தவர்களும் அதில் சிக்கினர். அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பில் மொத்தம் 56 பேர் உயிரிழந்தனர். இவ்வழக்கில் 2022 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் 38 பேருக்கு மரண தண்டனையும் 11 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது.

இலங்கையில் 2019 ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் நடந்த மறுநாள், கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் தேவாலயம் அருகே நிறுத்தப்பட்டிருந்த வேன் ஒன்றில் வெடிபொருள் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வெடிகுண்டுப் பிரிவினர் அதைச் செயலிழக்க வைக்க முயன்றபோது அது வெடித்தது. அதே நாளில் கொழும்பு புறக்கோட்டை பேருந்து நிலையத்தில் 87 டெட்டனேட்டர்கள் கண்டெடுக்கப்பட்டன.

சம்பவ இடத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்தும் காவலர் கடுமையாக நடந்துகொள்வதற்கு இவையே காரணம். முதல் குண்டு கூட்டத்தைச் சேர்ப்பதற்கு, இரண்டாவது குண்டு அந்தக் கூட்டத்தைத் தாக்குவதற்கு என்ற திட்டத்துடன் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. எனவே, மக்கள் தப்பி ஓடிச் சேரும் இடங்கள், ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், நிறுத்தப்பட்ட வாகனங்கள், குப்பைத் தொட்டிகள் ஆகியவை முதலில் சோதனையிடப்படுகின்றன.

வெளியேற்றுவதா, வேண்டாமா?

ஆனால், எல்லா இடத்திலும் மக்களை உடனடியாக வெளியேற்றுவது சரியான முடிவாக அமைவதில்லை. 2010 ஏப்ரல் 17 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு, மும்பை இந்தியன்ஸ் அணிகளுக்கு இடையிலான ஐபிஎல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு மைதானத்தின் வெளிச்சுவரை ஒட்டி குண்டுகள் வெடித்தன. பாதுகாப்புப் பணியில் இருந்தவர்கள் உட்படப் பலர் காயமடைந்தனர். அருகில் வெடிக்காத குண்டுகளும் கண்டெடுக்கப்பட்டன. உள்ளே ஆயிரக்கணக்கான ரசிகர்கள் இருந்தனர். ஆட்டம் ரத்து செய்யப்படவில்லை. சுமார் ஒரு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு தொடங்கி நடந்து முடிந்தது. பெங்களூருவில் நடக்கவிருந்த அத்தொடரின் அரையிறுதி ஆட்டங்கள் பின்னர் நவி மும்பைக்கு மாற்றப்பட்டன.

குண்டு வாயிலுக்கு வெளியே இருக்கும்போது, உள்ளே இருப்பவர்களை அதே வாயில் வழியாகப் பதற்றத்துடன் வெளியேற்றினால் இரட்டை ஆபத்து உண்டாகும். ஒன்று குண்டு, மற்றொன்று நெரிசல். நெரிசலின் ஆபத்து எத்தகையது என்பதை 2025 ஜூன் 4 அன்று இதே மைதானத்தின் வாயில்களுக்கு வெளியே, வெற்றிக் கொண்டாட்டத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்த சம்பவம் காட்டியது. அதில் வெடிகுண்டு ஏதும் இல்லை. எனவே 'எல்லோரும் வெளியே ஓடுங்கள்' என்ற அறிவிப்பு எப்போதும் பாதுகாப்பானது அல்ல. எந்த வழியாக, எந்த வரிசையில், எங்கே செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே சரியான அறிவிப்பு.

காத்திருப்பதற்கும் விலை உண்டு

இரண்டாவது குண்டு குறித்த அச்சம் மீட்புப் பணியையே முடக்கிவிடக் கூடாது என்பதற்கு பிரிட்டனின் மான்செஸ்டர் நகரம் உதாரணம். 2017 மே 22 அன்று அங்குள்ள அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிய நேரத்தில் தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 22 பேர் கொல்லப்பட்டனர். மேலும் தாக்குதல் நடக்கலாம் என்ற ஐயத்தாலும், அமைப்புகளுக்கு இடையிலான தகவல் தொடர்புக் கோளாறாலும், தீயணைப்புப் படையினர் சம்பவ இடத்துக்கு வர 2 மணி நேரத்துக்கும் மேலானது. வெடிப்பு நடந்த கூடத்துக்குள் முதல் 40 நிமிடங்களில் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர் மட்டுமே சென்றார். மீட்புப் பணி முறையாக நடந்திருந்தால் உயிரிழந்தவர்களில் ஒருவர் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று 2022 நவம்பரில் வெளியான அரசு விசாரணை அறிக்கை கூறியது.

இதற்கு மாறான உதாரணம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 2013 ஏப்ரல் 15 அன்று மாரத்தான் ஓட்டத்தின் முடிவுக் கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்தன. சம்பவ இடத்தில் மூவர் உயிரிழந்தனர். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பலர் கால்களை இழந்தனர். ஆனால், உயிருடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அனைவரும் பிழைத்தனர். அருகில் இருந்த பொதுமக்களும் மருத்துவக் குழுவினரும் கைக்குக் கிடைத்த துணியையும் பெல்ட்டையும் கொண்டு இரத்தப்போக்கை நிறுத்தியது இதற்கு முக்கியக் காரணம்.

இரத்தப்போக்கு மிகுந்த காயத்தில் சில நிமிடங்களில் உயிர் போகலாம். வெடிகுண்டு நிபுணர் முழுப் பரிசோதனையை முடிக்க மணிக்கணக்கில் ஆகும். ஆகவே, முழுமையாகப் பாதுகாப்பான சூழல் உருவாகும்வரை காத்திருக்க இயலாது. விரைவான முதற்கட்டச் சோதனை, காயமடைந்தவர்களை உடனே அகற்றுதல், அதன் பின்னர் அங்குலம் அங்குலமாகத் தேடுதல் என்ற வரிசை இந்த இரண்டு பாடங்களுக்கும் இடையில் உருவான சமரசமே.

மருத்துவமனையில் என்ன நடக்கிறது?

'குறைந்த சக்தி கொண்ட குண்டு' என்ற சொற்றொடரைச் செய்திகளில் அடிக்கடி காணலாம். அது வெடிபொருளின் அளவைக் குறிக்கும் சொல்லே தவிர, காயத்தின் அளவைக் குறிப்பது அல்ல. 2014 டிசம்பர் 28 இரவு சர்ச் தெருவில் உணவகம் ஒன்றின் முன் வெடித்த குண்டும் அப்படியே வர்ணிக்கப்பட்டது. விடுமுறைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் அதில் உயிரிழந்தார். அதே ஆண்டு மே 1 அன்று, பெங்களூருவிலிருந்து சென்னை சென்ட்ரல் வந்து நின்ற குவாஹாட்டி விரைவு ரயிலில் வெடித்த குண்டுகளும் ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்தன.

வெடிப்பினால் உண்டாகும் காயங்களை மருத்துவர்கள் நான்கு வகையாகப் பிரிக்கின்றனர். காற்றழுத்த அலை செவிப்பறை, நுரையீரல், குடல் ஆகியவற்றைப் பாதிப்பது முதல் வகை. சிதறும் ஆணி, கண்ணாடி, உலோகத் துண்டுகள் துளைப்பது இரண்டாவது வகை. மனிதர் தூக்கி வீசப்பட்டு மோதுவதால் ஏற்படுவது மூன்றாவது வகை. தீக்காயம், புகை போன்றவற்றால் ஏற்படுவது நான்காவது வகை. இவற்றில் முதல் வகை வெளியே தெரியாது. காயமே இல்லை என்று வீடு திரும்பியவருக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். வெடிப்பின் அருகில் இருந்த எவரும், உடலில் கீறல்கூட இல்லாவிட்டாலும், பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரே நேரத்தில் பலர் கொண்டுவரப்படும்போது, முதலில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை என்ற வழக்கமான முறை கைவிடப்படுகிறது. உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக் கூடியவர்களுக்கு மஞ்சள், நடக்கக் கூடியவர்களுக்குப் பச்சை, உயிரிழந்தவர்களுக்குக் கறுப்பு என நிற அட்டைகள் மூலம் வகைப்படுத்தப்படுகிறது. சத்தமாக அலறுபவரைவிட, சத்தமின்றிக் கிடப்பவரின் நிலை மோசமாக இருக்கலாம் என்பது இந்த வகைப்படுத்தலின் அடிப்படைகளில் ஒன்று.

'காவல்துறை வழக்கு என்பதால் முதலில் புகார் பதிவாக வேண்டும்' என்று எந்த மருத்துவமனையும் அவசரச் சிகிச்சையை மறுக்க முடியாது. அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கடாரா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

தடயம்: தரையில் கிடக்கும் சாட்சி

காயமடைந்தவர்கள் அகற்றப்பட்ட பிறகு சம்பவ இடம் முழுமையாக மூடப்படுகிறது. வெடித்த குண்டு முற்றிலும் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. மின்கலத்தின் ஓடு, கம்பித் துண்டு, நேரக் கருவியின் பாகம், பையின் கிழிந்த துணி ஆகியவை எஞ்சுகின்றன. வெடிபொருளின் நுண்துகள்கள் சுவரிலும் கண்ணாடியிலும் படிந்திருக்கும். அவற்றைச் சேகரித்து ஆய்வகத்தில் பரிசோதித்து, முந்தைய சம்பவங்களில் பயன்படுத்தப்பட்ட குண்டுகளுடன் ஒப்பிடுகின்றனர். தேசியப் பாதுகாப்புப் படையின் கீழ் ஹரியானாவின் மானேசரில் இயங்கும் தேசிய வெடிகுண்டு தரவு மையம் இத்தகைய ஒப்பீட்டுக்கான தகவல்களைப் பராமரிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 176ஆவது பிரிவு, 7 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குச் சென்று ஆதாரங்களைச் சேகரிப்பதையும், அதைக் காணொலியாகப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. இதற்கான கட்டமைப்பை உருவாக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டுகள் வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளது.

ராமேஸ்வரம் கஃபே வழக்கில் திருப்புமுனையாக அமைந்தவை சிசிடிவி பதிவுகளே. தொப்பியும் முகக்கவசமும் அணிந்து வந்த ஒருவர், வெடிப்புக்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே உணவகத்தில் பையை வைத்துவிட்டுச் சென்றது அவற்றில் பதிவாகியிருந்தது. உணவகத்தின் கேமராவில் தொடங்கி, சாலை, பேருந்து, பேருந்து நிறுத்தம் என ஒவ்வொரு கேமராவாக இணைத்து அவர் சென்ற பாதை வரையப்பட்டது. அந்தத் தொப்பி சென்னையில் வாங்கப்பட்டது என்ற தகவல் விசாரணையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவந்தது. ஏப்ரல் 12 அன்று மேற்கு வங்கத்தில் முக்கியக் குற்றம்சாட்டப்பட்ட இருவர் கைது செய்யப்பட்டனர்.

சிறு கடைகளின் கேமராக்களும் இத்தகைய வழக்குகளில் முக்கியமானவை. பொதுமக்கள் பெருமளவில் கூடும் நிறுவனங்கள் கண்காணிப்புக் கேமரா பொருத்தி, பதிவுகளை 30 நாட்கள் பாதுகாக்க வேண்டும் என்று கர்நாடக அரசின் 2017ஆம் ஆண்டு பொதுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. பெரும்பாலான கருவிகளில் பழைய பதிவின் மீதே புதிய பதிவு எழுதப்படுவதால், சம்பவம் நடந்த உடனே பதிவைத் தனியாக எடுத்து வைப்பது அவசியம்.

காவல் நிலையத்திலிருந்து என்ஐஏ வரை

பயங்கரவாதச் சம்பவம் என்றாலும் வழக்கு முதலில் பதிவாவது உள்ளூர் காவல் நிலையத்தில்தான். ராமேஸ்வரம் கஃபே வழக்கும் பெங்களூரு எச்ஏஎல் காவல் நிலையத்தில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், வெடிபொருட்கள் சட்டம் ஆகியவற்றின் கீழ் பதிவு செய்யப்பட்டது. பின்னர் மத்தியக் குற்றப்பிரிவுக்கும், மார்ச் 3ஆம் தேதி தேசியப் புலனாய்வு முகமைக்கும் (என்ஐஏ) மாற்றப்பட்டது.

2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு இயற்றப்பட்ட என்ஐஏ சட்டத்தின் 6ஆவது பிரிவு இந்த நடைமுறையை வகுக்கிறது. காவல் நிலையப் பொறுப்பாளர் மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாநில அரசு அதை மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை கிடைத்த 15 நாட்களுக்குள் மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும். என்ஐஏ பொறுப்பேற்கும்வரை விசாரணையைத் தொடர்வது உள்ளூர் காவல்துறையின் கடமை. அதாவது, தடயங்கள் அழியாமல் இருக்கும் முதல் மணி நேரங்கள் எப்போதும் உள்ளூர் காவலர்களின் கையில்தான் உள்ளன. ராமேஸ்வரம் கஃபே வழக்கில் என்ஐஏ 2024 செப்டம்பர் 9 அன்று 4 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

தாக்குதல் இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கும் சூழல் வேறுபட்டது. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தாக்குதல் தொடங்கியது. டெல்லி அருகேயிருந்து புறப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படை (என்எஸ்ஜி) மறுநாள் காலையில்தான் களமிறங்க முடிந்தது. 166 பேர் கொல்லப்பட்ட அத்தாக்குதலுக்குப் பிறகு, 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் என்எஸ்ஜி மண்டல மையங்கள் அமைக்கப்பட்டன. கர்நாடகம் தன் பங்குக்கு 'கருடா' என்ற பயங்கரவாத எதிர்ப்புப் படையை உருவாக்கியது. மத்தியப் படை வந்து சேரும்வரை தாக்குதலைக் கட்டுப்படுத்துவது இத்தகைய மாநிலப் படைகளின் பணி.

வதந்தியும் நேரலையும்

மும்பை தாக்குதலின்போது பாதுகாப்புப் படையினரின் நகர்வுகளைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டியதை, 2012ஆம் ஆண்டு கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டு, பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலை செய்யத் தடை விதிக்கப்பட்டது. நடவடிக்கை முடியும்வரை, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் தகவலை மட்டுமே ஒளிபரப்ப முடியும். இந்த விதி தொலைக்காட்சிகளுக்கானது என்றாலும், கையில் கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று நேரலை செய்ய முடியும் என்பதால் அதன் நோக்கம் அனைவருக்கும் பொருந்தும்.

வதந்தியின் வலிமையைப் பெங்களூரு நேரடியாக உணர்ந்திருக்கிறது. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவியதால், ஆயிரக்கணக்கானோர் சில நாட்களில் நகரை விட்டு ரயில்களில் வெளியேறினர். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கு மத்திய அரசு தற்காலிகக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. குண்டுவெடிப்பு போன்ற சம்பவத்துக்குப் பிறகு, ஒரு சமூகத்தையோ மொழியினரையோ குற்றம்சாட்டும் உறுதியற்ற தகவல் ஒன்று, குண்டு செய்யாத சேதத்தையும் செய்துவிடக்கூடும்.

பொய் மிரட்டல்களும் இதே வகையைச் சேர்ந்தவை. 2023 டிசம்பர் 1 அன்று பெங்களூருவில் 40க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. பெற்றோர் பதறியடித்து ஓடினர். அனைத்துப் பள்ளிகளும் சோதிக்கப்பட்ட பிறகு மிரட்டல் பொய் என்பது உறுதியானது. பொய்யாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் ஒரு பள்ளியைக்கூடச் சோதிக்காமல் விட முடியாது. அந்த நேரத்தில் வேறு இடத்தில் உண்மையான அவசரம் ஏற்பட்டால், அனுப்புவதற்கு வெடிகுண்டுப் பிரிவு போதாமல் போகலாம்.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

உரிமை கோரப்படாத பையோ பெட்டியோ கண்ணில் பட்டால் அதைத் தொடவோ, நகர்த்தவோ, தண்ணீர் ஊற்றவோ கூடாது. அருகில் நின்று கைபேசியில் படம் எடுக்கவும் கூடாது. விலகிச் சென்று, மற்றவர்களையும் விலகச் சொல்லிவிட்டு 112க்கு அழைக்க வேண்டும்.

வெடிப்பு நிகழ்ந்தால், அழைப்பவர் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். தெருவின் பெயர், அருகில் உள்ள கோயில், பள்ளி அல்லது மெட்ரோ நிலையத்தின் பெயர் ஆகியவற்றை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால், அழைப்பு துண்டிக்கப்பட்டாலும், மொழி தடையாக இருந்தாலும் வாகனம் புறப்பட்டுவிடும். அடுத்து, எத்தனை பேர் காயமடைந்துள்ளனர் என்பதைச் சொல்ல வேண்டும். 'சிலிண்டர்', 'குண்டு' என்று தாமாக முடிவு கூறுவதைவிடக் கண்டதையும் கேட்டதையும் சொல்வது நல்லது. 'சமையலறையில் தீ', 'கை கழுவும் இடத்தில் சத்தம்', 'தரையில் ஆணிகள்' என்பன போன்ற விவரங்கள், எந்தப் படையை எந்த எச்சரிக்கையுடன் அனுப்ப வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறை முடிவெடுக்க உதவும்.

இரத்தம் பீறிடும் காயத்தின் மீது சுத்தமான துணியை வைத்து, உதவி வரும்வரை கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடலில் குத்தியிருக்கும் ஆணியையோ கண்ணாடியையோ பிடுங்கக் கூடாது. நடக்க முடிந்தவர்களை உடன் அழைத்துக்கொண்டு வெளியேறி, நிறுத்தப்பட்ட வாகனங்களுக்கும் கண்ணாடிச் சுவர்களுக்கும் அருகில் கூடாமல் தொலைவில் நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் எதையும் எடுக்கவோ, பெருக்கித் தள்ளவோ கூடாது. எடுத்த காணொலியைச் சமூக ஊடகத்தில் பதிவிடாமல் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைப்பதே பயன் தரும். அதை அழிக்கவும் கூடாது.

ராமேஸ்வரம் கஃபேயின் புரூக்ஃபீல்டு கிளை, வெடிப்பு நடந்த 8 நாட்களில், மார்ச் 9ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டது. நுழைவாயிலில் வாடிக்கையாளர்களின் பைகள் சோதிக்கப்பட்டன. உயிர்களைக் காப்பது, இரண்டாவது குண்டைத் தேடுவது, தடயத்தைப் பாதுகாப்பது ஆகிய மூன்றுமே காவல்துறை வந்த பிறகு தொடங்கும் பணிகள் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில், ரோந்து வாகனம் தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அம்மூன்றின் முதல் சில நிமிடங்கள் கடந்துவிடுகின்றன. அந்த நிமிடங்கள் அருகில் இருப்பவர்களின் பொறுப்பில் உள்ளன.